சந்தையில் போட்ட தண்டோரா

எனக்குக் கல்யாணம் ஆனபோது என் கணவருக்கு இருபத்துநான்கு வயது. ஆலங்காயத்தில் அந்த வயதில் அவரளவுக்குச் சம்பாதித்தவர் யாரும் இல்லை. அவரளவுக்குக் கடன் வைத்திருந்தவரும் யாரும் இல்லை. முதலாவதைச் சொல்லித்தான் என் அப்பாவிடம் பெண் கேட்டார்கள். இரண்டாவதை யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சம்பாதிக்கிற பையனுக்குக் கடன் எதற்கு இருக்கப்போகிறது என்று அப்பா நினைத்திருப்பார். அம்மா இருந்திருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். அவள் நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டாள்.

அவருக்குத் தொழில் கடுக்காய். தை பிறந்தால் ஜவ்வாது மலைக் காடுகளில் கடுக்காய் உதிரும். மலைச் சனங்கள் பொறுக்கிக் காயவைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்த அது வேண்டும். மலைமேல் ஒரு கிடங்கு போட்டு உட்கார்ந்து, அளந்து வாங்கி, மூட்டை கட்டிக் கீழே அனுப்புவது ஏஜெண்டு வேலை. மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். கடுக்காய் முடிந்தால் புளி, அதிலும் கமிஷன். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒரு வருஷம் முழுக்க வாங்கும் சம்பளத்தை இவர் பங்குனி முடிவதற்குள் பார்த்துவிடுவார். எந்த மரத்துக் காய் தோலுக்கு ஆகும், எது சொத்தை என்று கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லுவார். தொழிலில் அவரைக் குறை சொல்ல இடமே இல்லை.

அவர் குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். குடிக்கிறவராக இருந்தால் திட்டுவது சுலபமாக இருந்திருக்கும். இவர் செலவழிப்பார், அவ்வளவுதான். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது, வழியில் பார்த்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போவார். சட்டை பெங்களூரில் தைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று தவணையில் வாங்கி வாசலில் வைத்தார். தெருவே வந்து உட்கார்ந்துவிடும், வந்தவர்களுக்கெல்லாம் டீ. அந்த வருஷம் டீ போட்டே நான் தேய்ந்துபோனேன். ஆலங்காயத்தில் அப்போது வாடகைக்கு ஓடியது ஒரே ஒரு பிளஷர் கார். அதன் பின் சீட்டில் அவருக்கென்று ஒரு பள்ளமே விழுந்திருக்கும். வாணியம்பாடிக்குப் பஸ்ஸில் போனதை நான் பார்த்ததில்லை. எதற்கு இப்படி என்று கேட்டால், “வர்ற சீசன்ல எல்லாம் சரியாப்பூடும்” என்பார். சீசன் அவருக்குக் குலதெய்வம் மாதிரி.

அந்தப் புரட்டாசியில்தான் கடன்காரர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் ஜவுளிக்கடைக்காரர், மழையில் நனைந்துகொண்டு. பிறகு ரேடியோக்காரன், ஓட்டல்காரர், சீட்டுப் பிடிப்பவர். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஏஜெண்டு வூட்டம்மா என்று என்னை உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே கேட்டார்கள். அவர்கள் போனபிறகு நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். கூட்டக் கூட்டத் தொகை ஏறிக்கொண்டே போனது.

இதெல்லாம் சில்லறை என்பது வாணியம்பாடியில் தெரிந்தது. சாமைப் பயிர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் மலையில் குதிர்கள் காலியாக இருக்கும். அந்தச் சமயத்தில் ஏஜெண்டு வீடு வீடாகப் போய் முன்பணம் கொடுத்து வைப்பார். வாங்கினவர்கள் சீசனில் அவருக்கே காய் கொண்டுவருவார்கள். அந்த முன்பணம் தோல் ஷாப்பு முதலாளியுடையது. அதில் பாதி மலையேறவே இல்லை என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினார். நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன். கடனுக்கு அவகாசம் கேட்கப் பிளஷர் காரில் போன மனிதர் என் கணவர். அந்த வாடகையும் கடன்தான்.

என்னை உள்ளே அழைத்து, முதலாளியின் மனைவி சாப்பிட வைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது. முதலாளி குரலை உயர்த்தவே இல்லை.

“தம்பி, நான் வட்டி வாங்கறவன் இல்ல, எங்க மார்க்கத்துல அது கூடாது. வட்டி வாங்கறவன் காத்துக்கினு இருப்பான், அவனுக்கு அதுல லாபம் கீது. எனக்கு இன்னா லாபம்?” என்றார். ரெண்டு சீசன் டைம் தருவதாகவும், அதற்குள் கணக்குத் தீராவிட்டால் ஏஜென்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். என் கணவர் சரி சரி என்று தலையாட்டியிருக்க வேண்டும். திரும்பி வருகிற வழியில் காரை நிறுத்தி எனக்கு இரண்டு முழம் பூ வாங்கிக் கொடுத்தார். காசுக்குக் கார்க்காரரிடம் கை நீட்டினார்.

நான் அந்தப் பூவைத் தலையில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு நாள் தள்ளியிருந்தது, அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த வருஷம் அடுத்த தெருவில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே கடன்காரன் ஒருவன் உள்ளே வந்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையின் இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாணைக் கழற்றிக்கொண்டு போனான். பிள்ளை அழக்கூட இல்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அந்தத் தாய் நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளையின் தொட்டிலைச் சுற்றிக் கடன்காரன் நிற்கக் கூடாது.

ஊதாரிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்பனோ அண்ணனோ சந்தை நாளில் தண்டோரா போடச் சொல்வார்கள். இன்னார் மகன் இன்னாருக்கு இன்றிலிருந்து யாரும் கடன் கொடுக்கக் கூடாது, மீறிக் கொடுத்தால் குடும்பம் பொறுப்பல்ல என்று பறை தட்டிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு கொடுத்தவன் வந்து கேட்க முடியாது, கேட்டாலும் ஊர் அவன் பக்கம் நிற்காது. என் மாமனார் உயிரோடு இல்லை, என் கணவருக்கு அண்ணன் தம்பியும் இல்லை. மார்கழியில், மலையேறுவதற்கு முந்தின வாரம், நானே கிராம முன்சீப் வீட்டுக்குப் போனேன். புருஷனுக்குப் பெண்டாட்டி தண்டோரா போடுவதை இந்த ஊரில் இதுவரை கேட்டதில்லையே அம்மா என்று முன்சீப் சிரித்தார். இனிமேல் கேளுங்க என்றேன். அவர் அனுமதி கொடுத்தார்.

சந்தை கூடியிருந்த நேரம். தண்டோராக்காரர் கருவாட்டுக் கடை முனையில் ஒரு தரம், மாட்டுச் சந்தையில் ஒரு தரம், ஓட்டல் வாசலில் ஒரு தரம் நின்று சொன்னார். நல்ல குரல் அவருக்கு. ஓட்டலுக்குள் என் கணவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பறை நின்றதும் ஓட்டல்காரர் இலையையும் அவரையும் பார்த்தாராம். கூட இருந்த நாலு பேரும் கை கழுவப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்பெதிரில் இருந்தேன்.

“ஊரு முன்னால என்ன அம்மணமா நிக்க வெச்சிட்டியே” என்றார்.

“கட்டினு இருக்கற வேட்டி யாரு துட்டுங்க?” என்றேன்.

அப்போதுதான் பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுந்துபோய்ச் சமாதானம் சொல்லவில்லை.

ஆலங்காயத்து வீட்டைக் காலி செய்தோம். ரேடியோவை அதன் சொந்தக்காரனே எடுத்துக்கொண்டு போனான். கைக்கடிகாரம் விற்றோம். என் நகைகளோடு தாலிப் பொட்டும் போனது, நான் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மலைமேல் கிடங்கில், கடுக்காய் மூட்டைகளுக்கு ஒரு பக்கம் தடுப்பு வைத்து மறுபக்கம் குடியிருந்தோம். மண் சுவர், மேலே புல் வேய்ந்த கூரை. துணி, தலைமயிர், சோறு எல்லாவற்றிலும் கடுக்காய் நாற்றம். நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே வாங்குவதற்கு எதுவும் இல்லை. கடை கிடையாது, ஓட்டல் கிடையாது. சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும்தான். முதல் மாதம் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சும்மா நின்றுகொண்டிருக்கும்போதும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. பொழுது விடிந்தால் அளவு ஆரம்பிக்கும். மரக்காலைப் பிடித்து நானும் அளந்தேன். முதலாளியின் வண்டிக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை மாட்டு வண்டியோடு அடிவாரத்துக்கு வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவார். கமிஷனில் பாதியை முதலாளி தம் கணக்கில் பிடித்துக்கொள்வார், மீதி அந்த வண்டிக்காரர் கையில் என் பேருக்கு வரும். அவர் மலையேறி வந்து அதை என்னிடம்தான் கொடுப்பார், என் கணவர் பக்கத்திலேயே நின்றாலும். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு கடன்காரருக்கு என்று முறை வைத்துத் தீர்த்துக்கொண்டு வந்தேன். மலைச் சனங்களுக்கு எங்கள் கதை தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பிறக்க வைத்த மருத்துவச்சி, என்னைப் பார்த்தால் பறை தட்டுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டிச் சிரிப்பாள். எனக்குக் கோபம் வராது. உண்மையைச் சொன்னால் பெருமையாகக்கூட இருந்தது.

பங்குனிக் கடைசியில் கணக்கு முடிக்க அவர் வாணியம்பாடிக்குப் போனார். ஒரே நாளில் திரும்ப வேண்டியவர் மூன்றாம் நாள் வந்தார். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. துணிக்குள்ளிருந்து ஒரு வெள்ளி அரைஞாண் எடுத்து என் கையில் வைத்தார். வேலூர்க் கடையில் வாங்கினாராம். அதற்காக வேலூர்வரை பிளஷரில் போயிருக்கிறார், இரண்டு நாள் வாடகை. கூடவே பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர். எல்லாம் கடன். அரைஞாண் மெலிசாக, அழகாக இருந்தது. ஆசையாகப் பிள்ளைக்கு வாங்கினதைத் திட்டவும் வாய் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. வண்டிக்காரர் மூலமாக வேலூருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். என் கணவர் தடுக்கவில்லை.

அரைஞாணைத் திருப்பலாம், ஓடின காரை எப்படித் திருப்புவது? அடுத்த சந்தையில் நான் உப்பு வாங்கக் கீழே போனபோது கார்க்காரர் என்னை மறித்து வாடகை கேட்டார். தண்டோரா கடைக்காரர்களுக்குத்தானே, வண்டிக்கு இல்லையே என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். நானும் மரியாதையாகவே பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு என் வயிற்றுப் பிள்ளையிடமிருந்து திருடினவன்போலத்தான் அந்த ஆள் தெரிந்தார்.

“தண்டோரா போடும்போது இந்தச் சந்தையிலதான இருந்தீங்க? காது கேக்கலியா? ஒரு காசு தரமாட்டேன். முன்சீப்பக் கேட்டுக்கோங்க” என்று நாலு கடைக்குக் கேட்கிறமாதிரி சொன்னேன். சந்தை சிரித்தது. புளி விற்கிறவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். யாரோ அவரைச் செவிட்டுப் பிளஷர் என்றார்கள், அந்தப் பேர் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. முன்சீப்பும் நான் சொன்னதே சரி என்றார். நான் மலையேறும்போது அன்றைக்கு வயிற்றுச் சுமையே தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கடைசி மாதம் ஆலங்காயத்தில் ஒரு அறை எடுத்து இருக்கலாம் என்று அவர் சொன்னார். வாடகை எதற்கு, மருத்துவச்சி பக்கத்திலேயே இருக்கிறாள் என்று நான்தான் வேண்டாமென்றேன். ஆனி மாதம் ஒரு நாள் விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் போட்டு நீவினாள், மறுபடி தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே போய் என் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கைக்கு ஆகாது, வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றாள்.

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி என்னைப் போட்டார்கள். மலை ஆட்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். யாரும் கூலிப் பேச்சு எடுக்கவில்லை. அவர்கள் காலடியில் கல் உருளுகிற சத்தமும், பின்னால் என் கணவர் ஓடிவருகிற மூச்சும்தான் எனக்கு நினைவிருக்கிறது. வலிக்கு நடுவிலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆலங்காயம் போய்ச் சேர்ந்துவிட்டால் கார் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் இறங்கும்போது உச்சி வெயில். காலை பஸ் எப்போதோ போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். கார் கொட்டகையில் நின்றது. அப்போதுதான் கழுவி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூளியை அதற்கு எதிரிலேயே நிழலில் இறக்கினார்கள். என் கணவர் ஓடிப்போய் வண்டியை எடுக்கச் சொன்னார். கார்க்காரர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. துட்டு இருக்கிறதா என்று கேட்டார். என் கணவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை. வந்ததெல்லாம் முந்தின சந்தையில் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டது. கழுத்தில் மஞ்சள் கிழங்கு.

“போன பாக்கியே உங்க வூட்டம்மா தரமாட்டேன்னுட்டாங்க. நான் செவிடன்னு ஊரே சிரிக்குது. இப்ப எனக்கு நல்லாக் காது கேக்குது” என்றார்.

நான் தூளியிலிருந்து தலையைத் தூக்கினேன். “தண்டோரா போட்டவளே நான்தாங்க. நான் சொல்றேன், வண்டிய எடுங்க. எல்லாத்தையும் நான் குடுக்கறேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. “பறை தட்டிச் சொன்னது சந்தை மொத்தமும் கேட்டுச்சி. இப்ப நீங்க சொல்றத யாரும்மா கேட்டா?”

கேட்டவர்கள் இருந்தார்கள். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். டீக்கடைக்காரர் ஓடிப்போய்க் கல்லாவில் இருந்ததை அள்ளிக்கொண்டு வந்து, இது கடன் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் கணவர் கையில் திணித்தார். வாணியம்பாடி போக அது போதும். ஆனால் பழைய பாக்கியும் சேர்த்து வைத்தால்தான் வண்டி நகரும் என்று கார்க்காரர் சொல்லிவிட்டார். என் கணவர் கார்க்காரர் காலில் விழுந்தார். பெங்களூர்ச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பின் சீட்டில் சாய்ந்து போன மனிதர், அந்தச் சக்கரத்துப் பக்கத்தில் சேற்றில் கிடந்தார். நான் அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. கடைசியில் முதலாளியின் வண்டிக்காரர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்தார். வேறு வழி பார்க்காமல் மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, வைக்கோல் போட்டு என்னை ஏற்றினார். மாடுகள் காலையிலிருந்து நடந்த மாடுகள். வழியெல்லாம் புளியமரங்கள். படுத்திருந்ததால் எனக்குக் கிளைகள்தான் தெரிந்தன. ஒரு கிளை வரும், நெடுநேரம் தலைக்கு மேலேயே நிற்கும், பிறகு மெதுவாக அடுத்தது வரும். பாதி வழியில் ஒரு சின்னப் பாலத்தருகே மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார். அங்கே வைத்துத்தான் வயிற்றுக்குள் அசைவு நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மாடுகளை அடிப்பதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பிழைக்க வைத்தார்கள். ஆண் குழந்தை. மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மலையிலிருந்து ஆலங்காயம் வரை தூளி, அங்கிருந்து மாட்டு வண்டி என்று சொன்னேன்.

“ஆலங்காயத்துல வாடகைக் கார் ஒண்ணு இருக்குமே?” என்றார். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிள்ளையை என் கணவரும் வண்டிக்காரரும் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லை என்று அவர் பின்னால் ஒரு தரம் சொன்னார். கழற்றிக்கொண்டு போக யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. நான் வேண்டியபடியேதான் நடந்தது.

என்னைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. புருஷனைச் சந்தியில் நிறுத்தினவளுக்குச் சாமி கொடுத்த கூலி என்றார்கள். அதைச் சொன்னவர்களில் இரண்டு பேர் அவரோடு வேலூருக்குக் காரில் போய்வந்தவர்கள். அவரைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு, கார்க்காரரைச் சொன்னவர்களும் உண்டு. தண்டோரா போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏஜென்சி போயிருக்கும், தெருவில் நின்றிருப்போம். பிள்ளை ஒருவேளை இருந்திருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் எனக்கு அடித்துக்கொண்டு அழத்தான் வருகிறது.

மறுபடி மலைக்கே போனோம். மருத்துவச்சி என்னைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பறை தட்டிக் காட்டியதே இல்லை. அடுத்த சீசன் காய் நன்றாக இருந்தது. அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டார். சட்டைக்குப் பையே வேண்டாம் என்று கிழித்துவிட்டார். வரும் பணத்தை வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன், அவரும் பார்க்கமாட்டார். சீட்டுக்காரர் தீர்ந்தார், ஓட்டல்காரர் தீர்ந்தார். டீக்கடைக்காரர் மட்டும் நாங்கள் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். பங்குனி முடிவில் முதலாளி கணக்கை நேர் செய்து, தம்பி உன் பேர்ல இனி ஒண்ணும் இல்ல என்று சொல்லி அனுப்பினார். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. கிடங்கில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். இனி அடுத்த சந்தைக்கு யாருக்கும் கொண்டுபோக வேண்டாம் என்பது மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

கடன் தீர்ந்தால் தடையை எடுக்க மறுபடி தண்டோரா போட வேண்டும். அதுவும் வழக்கம். அந்தச் சந்தைக்கு இரண்டு பேரும் இறங்கி வந்தோம். அதே தண்டோராக்காரர், அதே மூன்று இடங்கள். இன்னார் யாருக்கும் பாக்கி இல்லாதவர், இனி அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் நேராகக் கார்க் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தண்டோராப்படி அந்தப் பழைய பாக்கி எங்களுடையதல்ல. ஆனாலும் அவர் அதை எடுத்துக் காரின் முன்பக்கத்தில் வைத்தார். பக்கத்திலேயே அன்றைய வாடகையை வைத்தார்.

“வாணியம்பாடிக்குப் போய்ட்டு வரணும். மொதல்ல துட்ட எடுத்துக்கோங்க, அப்புறம் வண்டிய எடுங்க” என்றார்.

கார்க்காரர் இதெல்லாம் வேண்டாம் என்றார். என் கணவர் அங்கேயே நின்றார். கடைசியில் கார்க்காரர் காசை எடுத்து எண்ணாமல் மடியில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வாணியம்பாடியில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் இந்த வீண் செலவுக்கு நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். அன்று பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

நான் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே வந்தேன். புளியங்கிளைகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. அந்தப் பாலம் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது அது பின்னால் எங்கேயோ இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. உள்ளே யாரோ ஒரு பெண் கைப்பிள்ளையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

என் கணவர் பழக்கத்தில் தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, “எவ்ளோ நேரம் ஆச்சிங்க?” என்று கேட்டார்.

கார்க்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அதுகூட ஆவல” என்றார்.

“சரி, திருப்புங்க” என்றார் என் கணவர்.

கார்க்காரர் வண்டியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நாங்கள் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தோம்.